கிட்டாரில் பிறந்து கைப்பேசியில் ஒலித்த 13 ஸ்வரங்கள்

நோக்கியா ட்யூனை ஸ்வரப்படுத்தினால் இப்படி வரும்: ப ம த நி, க ரி ம ப, ரி ச க ப, ச. மொத்தம் 13 ஸ்வரங்கள், எல்லாமே சங்கராபரணத்துக்குள் அடங்குபவை. நான்கு நான்காக மூன்று கொத்துகள். ஒவ்வொரு கொத்திலும் முதல் இரண்டு ஸ்வரங்கள் குறுகலாக ஒரு படி இறங்கும். அடுத்த இரண்டும் கீழ் ஸ்தாயிக்குத் தாவி, நின்று நிதானமாக ஏறும். மூன்றாவது சுற்று முடிந்ததும் மெட்டு ஷட்ஜத்துக்கு வந்து சேர்ந்துவிடும். சில நொடிகளில் ஒரு முழுமையான இசைத் தொடர்! உலகமே கேட்டுத் தீர்த்த இந்த மெட்டு, கைப்பேசி என்ற ஒன்றை யாரும் கற்பனைகூடச் செய்யாத காலத்தில் பிறந்தது.

இதன் தாய்வீடு ஸ்பெயின். பிரான்சிஸ்கோ தாரெகா 1852-இல் வில்லாரியல் என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயதில் ஏற்பட்ட விபத்தால் அவருடைய கண்பார்வை பாதிக்கப்பட்டது. பார்வை முழுவதும் போனாலும் பையன் பிழைத்துக்கொள்ளட்டும் என்றுதான் அப்பா அவரை இசை கற்க வைத்தார். பியானோவுக்குப் பக்கத்தில் கிட்டாரை யாரும் பெரிதாக மதிக்காத காலம் அது. ஷோபான், பேத்தோவன் போன்றவர்களின் படைப்புகளைக் கிட்டாருக்கு ஏற்றபடி மாற்றி எழுதி, அந்த வாத்தியத்துக்குக் கச்சேரி மேடையில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் தாரெகா முக்கியமானவர். 1902-இல் அவர் எழுதிய 'கிரான் வால்ஸ்' மூன்றெண்ணிக்கைத் தாளத்தில் அமைந்த தனிக் கிட்டார் படைப்பு. அதன் 13-ஆவது தாள வட்டத்திலிருந்து 16-ஆவது வரை வரும் மெட்டுதான் நம் 13 ஸ்வரங்கள். தாரெகா 1909-இல் பார்சிலோனாவில் காலமானார்.

பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் 1992-இல் தன் 1011 மாடலுக்கான விளம்பரத்தில் கிரான் வால்ஸைப் பயன்படுத்தியது. அடுத்த ஆண்டு, நிறுவன அதிகாரிகளான அன்சி வான்யோகியும் லௌரி கிவினெனும் முழுப் படைப்பையும் கேட்டு, அந்த நான்கு வட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். 1994-இல் வெளிவந்த நோக்கியா 2110-இல் அது அழைப்பொலியானது. பட்டியலில் அதற்கு இருந்த பெயர் 'டைப் 5'. எழுதியவர் பெயர் எங்குமில்லை.

அன்றைய கைப்பேசியில் இருந்தது ஒரு சின்ன பஸ்ஸர். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம்தான் அதற்கு வரும். கிட்டாரில் இந்த மெட்டுக்குக் கீழே அடித்தந்திகள் துணை நிற்கும். அதிர்ந்த தந்தியின் கார்வை அடுத்த ஸ்வரத்தோடு கலக்கும். பஸ்ஸரில் அதெல்லாம் போய்விட்டது. மிஞ்சியவை சுருதியும் கால அளவும் மட்டுமே. அப்படியும் மெட்டு சிதையவில்லை என்றால், தாரெகா அதற்குப் போட்ட அஸ்திவாரம் அவ்வளவு உறுதி.

கைப்பேசியில் விலைபோகக்கூடிய ஒன்று இருக்கிறது என்று உலகத்துக்குக் காட்டியதும் அழைப்பொலிதான். ஜப்பானில் 1996-இலேயே, பயன்படுத்துகிறவரே மெட்டைப் பதிவு செய்துகொள்ளக்கூடிய கைப்பேசி வந்துவிட்டது. எந்தப் பாட்டுக்கு எந்தப் பொத்தான் என்று சொல்லிக்கொடுக்கும் புத்தகம் அங்கே 1998-இல் வெளியாகி லட்சக்கணக்கில் விற்றது. அதே ஆண்டு பின்லாந்தில் வெஸ்கு பானனென் உருவாக்கிய 'ஹார்மோனியம்' என்ற சேவை வந்தது. மெட்டை அமைத்து, குறுஞ்செய்தி வழியாகவே கைப்பேசிக்கு அனுப்ப அது வழிசெய்தது.

நோக்கியா 3310 போன்ற மாடல்களில் 'கம்போஸர்' என்ற வசதியே உள்ளே இருந்தது. 1 முதல் 7 வரையிலான பொத்தான்கள் ஏழு ஸ்வரங்கள். 8-ஐ அழுத்தினால் ஸ்வரம் குறுகும், 9-ஐ அழுத்தினால் நீளும். நட்சத்திரப் பொத்தான் ஸ்தாயியை மாற்றும். 1-ஐ ஷட்ஜமாக வைத்துக்கொண்டால், நோக்கியா ட்யூனே 5 4 6 7, 3 2 4 5, 2 1 3 5, 1 என்றாகிவிடும். நம் ஊரில் கல்லூரிப் பிள்ளைகள் சினிமாப் பாட்டுகளை இப்படி எண்களாக நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்கினார்கள். சங்கீத வகுப்புப் பக்கமே போகாதவர்களும், பாட்டு 'சரியா வரலையே' என்று ஒரு ஸ்வரத்தைக் கூட்டியும் குறைத்தும் உட்கார்ந்திருந்தார்கள். இசையமைப்பாளர் செய்கிற வேலையும் அதுதானே!

பிறகு வியாபாரம் வேகமெடுத்தது. ஒரே நேரத்தில் பல ஸ்வரங்களை ஒலிக்கும் கைப்பேசிகள் வந்தன. 2002-இல் ஏ.ஆர்.ரஹ்மான் ஏர்டெல்லுக்காக அமைத்த மெட்டு இந்தியா முழுக்க ஒலித்தது. 2004-இல் அமெரிக்காவின் பில்போர்டு இதழ் அழைப்பொலிகளுக்கென்றே தரவரிசை தொடங்கியது. மெமரி கார்டு வந்ததும் நம் செல்போன் கடைகளில் 'பாட்டு ஏற்றித் தரப்படும்' என்ற போர்டு தொங்கியது. முழுப் பாட்டே அழைப்பொலியாகிவிட்ட பிறகு ஏழு பொத்தான்களைத் தட்டிக்கொண்டிருக்க யாருக்கும் தேவை இருக்கவில்லை. கம்போஸர் மெல்ல மெல்ல மறைந்தது. மெட்டை வாங்குவது எளிதாயிற்று. மெட்டோடு மல்லுக்கட்டும் பழக்கம் விட்டுப்போயிற்று.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 2006 முதல் 2014 நவம்பர் வரை ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை இயங்கியது. தாரெகாவின் மெட்டைச் சுமந்த கைப்பேசிகளை நம் ஊர்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் ஷிப்ட் முறையில் உருவாக்கி உலகச் சந்தைக்கு அனுப்பினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்.

ஸ்லோவாக்கியாவின் பிரெஷோவ் நகரில் 2011-இல் லூகாஷ் க்மித் என்ற கலைஞர் வயோலா வாசித்துக்கொண்டிருந்தபோது, அரங்கில் யாருடைய கைப்பேசியோ இந்த மெட்டில் ஒலித்தது. அவர் வாசிப்பை நிறுத்தினார். கோபப்படவில்லை. அதே மெட்டை வயோலாவில் எடுத்து, அங்கேயே விரித்து வாசித்தார். நூறு ஆண்டுக்கு முன் மேடைக்காக எழுதப்பட்ட மெட்டு, பஸ்ஸர் வழியாகச் சுற்றி மீண்டும் மேடைக்கே வந்தது.

இன்றைய கைப்பேசிக்குள் ஒரு ஒலிப்பதிவுக்கூடமே அடங்கும். ஆனாலும் அந்த ஏழு பொத்தான்கள் செய்த காரியத்தை நான் உயர்வாகவே மதிக்கிறேன். அந்தக் கைப்பேசிகளை வாங்கிய அத்தனை பேர் கையிலும், கூடுதல் காசு கேட்காமல், மெட்டமைக்கும் கருவி ஒன்றை அவை கொடுத்தன. கைப்பேசிக்காகப் புதிதாக ஒன்றைப் படைக்க நினைக்கும் இளைஞர்கள் அதிலிருந்து தொடங்கலாம். கேட்பவர் கையிலும் ஒரு ஸ்வரத்தை விட்டுவையுங்கள். கூடவே, மெட்டை எழுதியவரின் பெயரையும் மறக்காமல் போடுங்கள்.