கந்தும் கடவுளும்: மரத்தில் உருச்செய்யும் மரபு பற்றிய ஒரு நோக்கு

திருகோணமலை நகரை அடுத்துள்ள பாலையூற்று என்னும் ஊரின் பெயரிலே ஒரு மரமும் ஒரு நீரூற்றும் இணைந்து நிற்கின்றன. பாலை, இலங்கையின் உலர்வலயக் காடுகளுக்குரிய பெருமரமாகும். இதன் பழத்தின் இனிமையைக் கீழ்மாகாணத்தாரும் வன்னியாரும் நன்கறிவர். இதன் மரமோ நீரில் இட்டால் அமிழ்ந்துவிடுமளவு கனமும் உளியை எதிர்க்கும் வன்மையும் உடையது. தூண்களுக்கும் தண்டவாளச் சிலிப்பர்க் கட்டைகளுக்கும் பயன்பட்டது. இதே கரையோர மண்ணில் பனையும் தென்னையும் செழித்து வளர்கின்றன. ஆயினும் தெய்வ உருவையோ வாகனத்தையோ செய்ய முற்படும் தமிழ்த் தச்சன் பனையை நாடுவதில்லை. பசிபிக் தீவுகளின் 'திக்கி' உருவங்களைப் பின்பற்றி அமெரிக்க நாட்டில் மரச்செதுக்கு பழகுவோர் பலர், தமது முதல் உருவைப் பனையினத் துண்டிலேயே செதுக்குகின்றனர். ஒருவர் விலக்கியதை மற்றவர் விரும்பி எடுப்பது ஏன்? இவ்வினாவைத் தொடர்ந்து செல்லின், மரத்தில் கடவுளைக் கண்ட ஒரு நீண்ட வரலாறு புலப்படும்.

முதலில் மரத்தின் இயல்பை நோக்குதல் வேண்டும். தொல்காப்பியர் மரபியலில், வைரம் புறத்தே அமைந்தவற்றைப் 'புல்' என்றும், அகத்தே அமைந்தவற்றை 'மரம்' என்றும் வகுத்துள்ளார். இதன்படி பனையும் தென்னையும் கமுகும் புல்லினத்தைச் சார்ந்தவை. பாலை, வேம்பு, இலுப்பை முதலியன மர இனத்தைச் சார்ந்தவை. இன்றைய தாவரவியலும் இப்பாகுபாட்டின் நுட்பத்தை உறுதிப்படுத்துகின்றது. பனை ஒருவித்திலைத் தாவரம். அதற்கு ஆண்டு வளையங்கள் இல்லை. கரிய வன்மையான நார்கள் புறத்தே செறிந்திருக்க, நடுவில் பனஞ்சோறு எனப்படும் மென்பகுதி அமைந்துள்ளது. யாழ்ப்பாணத்தார் இவ்வியல்பறிந்தே பனையைக் கையாண்டனர். புறவைரத்தை வளையாகவும் சிலாகையாகவும் அறுத்துக் கூரைக்கு இட்டனர். உட்சோற்றை அகழ்ந்தெடுத்துப் பீலியாக்கி மழைநீரை வழிப்படுத்தினர். கூரையைத் தாங்க உவந்த பனை உருவத்தைத் தாங்க உவந்ததன்று என்பதே அவர்தம் பட்டறிவாகும்.

பனையினத் துண்டில் முதன்முதல் உருச்செதுக்குவோன் கற்கும் பாடமும் இதுவே. மேலோட்டமாக வெட்டும்வரை உளி வன்மையான நார்களில் ஓடும். கண்ணையும் வாயையும் ஆழப்படுத்த முனைந்தால் அது சோற்றுப் பகுதியில் புதையும். அங்கே கூரிய விளிம்பு நிற்காது, நார் பிய்ந்து எழும். துண்டு உலரும்போது புறமும் அகமும் ஒரே அளவிற் சுருங்காமையால் வெடிப்புகள் தோன்றும். ஆகவே மூக்கு, விரல், அணிகலன் முதலிய நுண்ணுறுப்புகளை விடுத்து, பெரிய கண்ணும் அகன்ற வாயும் குறுகிய காலும் கொண்ட உருவத்தையே அவன் அமைக்க வேண்டியவனாகின்றான். எளிதிற் கிடைப்பதும், பச்சையாக இருக்கும்போது விரைவில் வெட்டப்படுவதும் பனையினத்துண்டின் நன்மைகள். நெடுங்காலம் நிற்றல் அதன் நன்மைகளுள் ஒன்றன்று.

உண்மையான திக்கி மரபோ இதனின்றும் வேறானது. மார்க்கேசத் தீவுகளில் திக்கி என்பது தெய்வநிலையுற்ற முன்னோரின் உருவைக் குறிக்கும். நியூசிலாந்தின் மாவோரி மக்களிடையே அது முதல் மனிதனின் பெயராகவும் வழங்குகின்றது. அத்தீவினர் கல்லிலும் ஈரப்பலா முதலிய மரங்களிலும் உருச்செய்தனர். ஹவாய்த் தீவுகளில் 1819ஆம் ஆண்டு முதலாம் கமேஹமேஹா இறந்தபின், அவருடைய மைந்தரும் அரசி காஹுமனுவும் பழைய சமய விலக்குகளை நீக்கினர். கோயில்களின் மரவுருவங்கள் பல எரியுண்டன. கூ என்னும் தெய்வத்தின் பேருருவங்களுள் எஞ்சியவை மூன்றே. இலண்டன் பிரித்தானிய நூதனசாலையிலும், அமெரிக்காவின் சேலம் நகரிலும், ஹொனலுலுவிலும் அவை பிரிந்து கிடந்து, 2010ஆம் ஆண்டிலே ஹொனலுலுவில் ஒருமுறை ஒன்றுகூட்டிக் காட்டப்பட்டன. 1930களிலிருந்து கலிபோர்னியாவின் மதுச்சாலைகளுக்கு அணியாக வந்த திக்கியோ, வழிபாட்டினின்றும் அறுந்த வெற்றுருவமே. வடிவம் கடல் கடந்தது. பொருள் கரையிலேயே நின்றுவிட்டது.

தமிழர் வரலாற்றிலும் மரத்தூணில் தெய்வம் உறைந்த காலமுண்டு. அத்தூண் 'கந்து' எனப்பட்டது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொதியிலில் கந்து நிற்க, மாலையில் விளக்கேற்றி வழிபட்டமையைப் பட்டினப்பாலை காட்டுகின்றது. மணிமேகலையிலே, சக்கரவாளக் கோட்டத்துத் தூணில் அமைந்த கந்திற்பாவை மணிமேகலையோடு பேசி அவளுக்கு வருவதுரைக்கின்றது. மக்கள் நீங்கிய பாழிடத்தில், தெய்வமும் விட்டகன்ற கந்து ஒன்றை அகநானூற்றுப் பாடலொன்று காட்டுவது நெஞ்சை உருக்குவதாகும். கந்து தன்னளவிற் கடவுளன்று. பேணுவோர் உள்ளவரையே கடவுள் அதில் உறையும் என்னும் கருத்து அங்கே தொனிக்கின்றது. இம்மரபின் நிழலை இன்றும் மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகையம்மன் கோயில்களில் காணலாம். வைகாசிச் சடங்கின்போது கல்யாணக்கால் வெட்டிக் கொணர்ந்து நாட்டப்படுவது, கந்து வழிபாட்டோடு ஒப்புநோக்கற்பாலது.

கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றி ஒரு கோயில் சமைத்ததை மண்டகப்பட்டுக் கல்வெட்டிற் பெருமையுடன் பொறித்தான். அப்பெருமை, அதுவரை கோயில்கள் அப்பொருள்களாலேயே எழுந்தன என்பதற்குச் சான்றாகின்றது. பின்னர்க் கல் கருவறையைக் கைக்கொள்ள, மரம் தேருக்கும் வாகனத்துக்கும் கதவுக்கும் உரியதாயிற்று. எனினும் அது முற்றாக விலகவில்லை. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அத்தி மரத்தாலான அத்திவரதர், திருக்குளத்தின் அடியிலிருந்து நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்தருள்கின்றார். 1979இலும் 2019இலும் அவ்வாறு நிகழ்ந்தது. பூரி சகந்நாதரின் வேப்பமர உருவங்களோ 1996இலும் 2015இலும் புதிதாகச் செய்யப்பட்டன. பழையன புதைக்கப்படும், புதியன உயிர்பெறும்.

இனித் திருகோணமலைக்கு மீள்வோம். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களைக் கோட்டைக்குப் பயன்படுத்தினர். கோட்டை வாயிலிற் காணப்படும் கயல் உருவமும் கல்வெட்டுத் துண்டும் அதன் எச்சங்கள். 1950இல் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் கடலடியில் ஆய்ந்தபோது கோயிலின் சிதைவுகள் தென்பட்டன. 1963இல் புதுக்கோயில் குடமுழுக்குக் கண்டது. கல் கடலிலிருந்து மீண்டது; செம்பு மண்ணிலிருந்து மீண்டது. அக்கோயிலில் தேரும் வாகனமும் கதவும் இருந்திருப்பின், அவற்றைச் செய்த மரம் அவ்வாறு மீளக்கூடியதன்று. தீயும் கறையானும் கடற்காற்றும் மரத்துக்கு இரக்கம் காட்டுவதில்லை.

இதனால், மரம் தாழ்ந்த ஊடகம், கல்லே உயர்ந்தது என்று சிலர் முடிவுகட்டலாம். அம்முடிவு பொருந்தாது. கற்சிலை செய்தவன் மறைந்தாலும் சிலை நிற்கும். மரவுருவோ ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு தச்சனை வேண்டி நிற்கும். பூரியில் நிலைத்திருப்பது ஒரு மரக்கட்டையன்று. அதனை மீளவும் செய்யும் அறிவு. அவ்வறிவு அறாதவரை உருவம் அழிவதில்லை. ஹவாயில் எரிந்தவை உருவங்கள் மட்டுமல்ல; அவற்றைப் புதுப்பித்து வந்த வழிபாடும் உடன் அறுந்தது. அதனாலேயே எஞ்சியவை நூதனசாலைப் பொருள்களாயின.

ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் முப்பது ஆண்டுப் போர் பல ஊர்களை இடம்பெயர்த்தது. 2009இல் அது முடிவுற்றபின் கோயில்கள் மீள எழுந்துள்ளன. எழுந்த கட்டடத்தை எண்ணிக்கொள்ளலாம். அறுந்துபோன கைவினைத் தொடர்ச்சியை எண்ணுவது எளிதன்று. எம்மரத்தை எப்பருவத்தில் வெட்டுவது, எத்தனை காலம் உலரவிடுவது, வைரம் எங்கே, வெள்ளை எங்கே என்பன ஏட்டில் எழுதப்பட்டதிலும் தந்தை கையிலிருந்து மைந்தன் கைக்கு வந்தனவே மிகுதி. முதிய ஆசாரிமாரிடம் இவற்றைக் கேட்டு எழுதுதல் வரலாற்று மாணவர்க்குரிய பணிகளுள் ஒன்றாதல் வேண்டும்.

பனைக்கும் பாலைக்கும் உள்ள வேறுபாட்டைத் தொல்காப்பியர் காலத்தவர் அறிந்திருந்தனர். பனை தன் வன்மையைப் புறத்தே காட்டி அகத்தே குழைந்திருக்கும். பாலை அகத்தே வைரம் பாய்ந்து நிற்கும். ஒரு சமூகத்தின் பண்பாடும் இவ்விரண்டினுள் ஒன்றாக அமையலாம். புறத்தே கோபுரம் உயர்ந்து, அகத்தே அதனைச் செய்யும் கை மறைந்துபோயின், அகநானூறு காட்டிய வெறுங்கந்தே எஞ்சும். பாலையூற்று என்னும் பெயரைச் சொல்லும்போதெல்லாம் அம்மரத்தின் அகவைரத்தை நினைத்துக்கொள்வது நன்று.