பாரதக் கூத்தும் பத்தர் கூட்டமும்

கல்வராயன் மலையிற் பிறந்து கீழிறங்கும் கோமுகி ஆற்றின் நீரால் நெல்லும் கரும்பும் விளையும் வடக்கனந்தல் வட்டாரத்தில், வேனிற்காலம் வயலுக்கு ஓய்வு தரும் காலமாகும். அம்மன் கோயில்களுக்கோ அதுவே திருவிழாக் காலம். திரௌபதி அம்மன் எழுந்தருளியிருக்கும் ஊர்களில் கொடியேறியதும் பகலிற் பாரதம் படிப்பர்; சில நாள் கழிந்தபின் இரவிற் கூத்துத் தொடங்கும். இக்கூத்தை ஆடுவோரின் பாட்டையும் அடவையும் ஒப்பனையையும் அறிஞர் பலர் விரித்து எழுதியுள்ளனர். அதனைக் காண வந்து மண்ணில் அமரும் மக்களைப் பற்றிய பேச்சுக் குறைவு. ஆயினும் இக்கலையை இந்நாள்வரை காத்து வந்தவர்கள் அவர்களே.

பாரதத்தைக் கோயிலிலிருந்து மக்கள் கேட்கும் வழக்கம் மிகப் பழையது. பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் வழங்கிய கூரம் செப்பேடு, அவ்வூர் மண்டபத்திற் பாரதம் வாசிப்பதற்கெனத் தனிப்பங்கு ஒதுக்கியதைத் தெரிவிக்கிறது. கூத்துக்கும் அவ்வாறே அறக்கொடை இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டாம் இராசேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்று உண்டு. வைகாசிப் பெருந்திருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுதற்பொருட்டு, சாந்திக்கூத்தன் திருவாலன் திருமுதுகுன்றன் என்பவருக்கு நாள் ஒன்றுக்குத் தூணி நெல்லாக, ஆண்டுக்கு 120 கலம் நெல் அளக்குமாறு அக்கல்வெட்டுப் பணிக்கிறது. அக்கூத்தர் பெயரில் விளங்கும் திருமுதுகுன்றம் இன்றைய விருத்தாசலமே. நம் கோமுகி சென்று கலக்கும் மணிமுத்தாறு பாயும் திருத்தலம் அது.

சோழர் ஆட்சி மறைந்தது. 120 கலம் நெல்லும் அதனோடு மறைந்தது. அந்நாடகத்தின் ஓர் அடியேனும் நமக்குக் கிடைக்கவில்லை. அரசன் ஆணையால் ஆடப்பெற்ற நாடகம் அழிய, ஓலைக் குடிசைகளில் வாழ்ந்தோர் காசு திரட்டி ஆடுவித்த தெருக்கூத்து நிலைத்தது வியப்பே. பாரதக் கூத்துக்கு நிவந்தம் அளித்தது ஊர்தான். தலைக்கட்டுக்கு இவ்வளவு என வரி வைத்து வாங்குவர். ஓர் இரவுக் கூத்தை ஒரு பங்காளிக் குடும்பத்தார் உபயமாக ஏற்பர். மற்றோர் இரவை வேறொரு தெருவார் ஏற்பர். பெண் கொடுத்த ஊருக்கும் எடுத்த ஊருக்கும் ஆள் அனுப்பி உறவினரை அழைப்பர். ஆட்டத்தினிடையே ஒருவர் தரும் சிறுதொகையைக் கூட, அவர் பெயரும் ஊரும் சொல்லிக் கட்டியக்காரன் உரத்த குரலில் வாழ்த்துவான். கல்லில் வெட்டப் பெறாவிடினும் அதுவும் ஒரு கொடைச் சாசனமே அன்றோ?

இம்மக்கள் கேட்கும் கதைக்கு மூலநூலாவது வில்லிபாரதம். அதனைப் பாடிய வில்லிபுத்தூரார், கெடிலமும் பெண்ணையும் பாயும் திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரிற் பிறந்தவர். அவரை ஆதரித்த வரபதி ஆட்கொண்டான் அந்நாட்டு வக்கபாகையிலிருந்து ஆண்டவன். ஆகவே, வடமொழிப் பெருங்காப்பியம் இப்பகுதி மக்களுக்குத் தம் அண்டை நாட்டுப் புலவர் வாய்ச்சொல்லாகவே வந்து சேர்ந்தது. பகலிற் பிரசங்கியார் அப்பாடலுக்குப் பொருள் கூறுவார். இரவில் அதே கதை முகவீணையும் மிருதங்கமும் தாளமும் முழங்கக் கண்முன் நிற்கும். செஞ்சியை அடுத்த மேலச்சேரியைத் திரௌபதி அம்மனின் ஆதி இடமாகப் போற்றும் மரபும் இந்நிலப்பகுதிக்கே உரியது.

கூத்துக்கு வரும் கூட்டத்தினர்க்குக் கதை புதிதன்று. அடுத்து வருவது யாது என்பதைச் சிறுவனும் அறிவான். கட்டை கட்டி, கிரீடமும் புஜகீர்த்தியும் மார்ப்பதக்கமும் புனைந்து திரைக்குப் பின் நிற்பவன் துரியோதனன் என்பதைத் திரை விலகுமுன்னரே அடவின் ஒலிகொண்டு சொல்லிவிடும் முதியோரும் உளர். அப்படியிருந்தும், பாய் விரித்து, உறங்கும் மழலையை மடியிற் கிடத்திக்கொண்டு விடியுமளவும் விழித்திருக்கிறார்கள். புதுமையை நாடும் ஆர்வம் இதுவன்று. நடப்பதில் தமக்கும் ஒரு பங்கு உண்டு என்னும் உறுதியே இதற்குக் காரணமாகும்.

அர்ச்சுனன் தபசு இதற்குத் தக்க சான்று. நெடிய பனைமரத்தை நட்டு, அதில் படிகள் அமைத்து, உச்சியிற் பரண் கட்டியிருப்பர். விரதம் இருந்த கூத்தர் படிக்கொரு பாட்டாகப் பாடி ஏறுவார். கீழே, பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் நீராடிய ஈரப்புடைவையோடு காத்திருப்பர். உச்சியிலிருந்து அவர் எலுமிச்சம்பழமும் வில்வமும் திருநீறும் வீசும்போது, அவற்றை ஏந்தக் கூட்டம் முழுவதும் கை நீட்டும். பாசுபதம் அர்ச்சுனனுக்குக் கிடைக்கும் அந்த நேரத்தில் ஒரு பழம் தம் முந்தானையில் விழுந்தால் அதுவே அப்பெண்களுக்கு வரம்.

துகிலுரிதல் இரவின் நிலை வேறு. அன்று வேடம் புனைவோரே அஞ்சுவர். துச்சாதனனாக வருபவர் சேலையைத் தொடுமுன் அம்மனை வணங்கிப் பிழை பொறுக்க வேண்டுவார். திரௌபதியாக நிற்பவர் ஓர் ஆண்மகன். மாலையில் அவரோடு பேசிச் சிரித்தவர்களே அந்நேரத்தில் அவர்முன் கர்ப்பூரம் ஏற்றிக் கைகூப்புகின்றனர். பெண்கள் கண்ணீர் உகுப்பர். அருள் வந்து ஆடுவோரும் உண்டு. கண்ணனை நோக்கித் திரௌபதி கை தூக்கும் கணத்தில் கூட்டத்திலிருந்து எழும் கோவிந்த நாமம், பாட்டை மூழ்கடித்துவிடும். நாடக இலக்கணம் அறிந்தோர், இங்ஙனம் கூட்டம் குறுக்கிடுவது நடிப்புக்கு இடையூறு என்பர். பத்தர்க்கு அவ்விலக்கணம் வேண்டுவதில்லை. குரல் எழாவிட்டால் அன்றைய கூத்தில் ஏதோ குறை நேர்ந்தது என்றே அவர்கள் கருதுவர்.

விராட பருவம் படித்தால் மழை பெய்யும் என்பதும் தொன்றுதொட்ட நம்பிக்கை. வானம் பார்த்த நிலமுடையோர் அவ்விரவைத் தவறவிடார்.

இக்கூத்தின் பெருமை பின்னாளில் நகரங்களையும் எட்டியது. புரிசை நடேசத் தம்பிரானின் ஆட்டத்தைக் கண்டு உள்ளம் நெகிழ்ந்த எழுத்தாளர் ந. முத்துசாமி 1977இற் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். 2016இல் பாரிசு நகரத்துத் தெயாத்ரு துய் சொலேய் என்னும் புகழ்பெற்ற நாடகக் குழுவினர், புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரானிடம் பயின்று, தம் நாடகம் ஒன்றில் துகிலுரிதலையும் கர்ணன் வதையையும் தமிழிலேயே பாடி ஆடினர். பிறநாட்டார் நம் கலையை மதித்துக் கற்றது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் கட்டணம் செலுத்தி நாற்காலியில் அமர்ந்தோர் கை தட்டுவர், கர்ப்பூரம் ஏற்றார். கலை கடல் கடந்தது. அதற்குரிய கூட்டம் ஊரிலேயே நின்றுவிட்டது.

அக்கூட்டம் இல்லையேல் என்னாகும் என்பதை நம் தலைமுறையும் கண்டது. 2020 மார்ச்சுத் திங்களிற் கொள்ளை நோயின் பொருட்டு ஊரடங்கு வந்தபோது, அது பங்குனி விழாக்களின் நேரம். கொடிகள் ஏறவில்லை. ஓராண்டு வயிற்றுப்பாட்டைச் சில மாதத்து இரவுகளில் ஈட்டும் கூத்தர்கள், முன்பணம் பெறவும் வழியின்றி வீட்டிலிருந்தனர். அரவான் களப்பலியை ஆண்டுதோறும் நினைவுகூரும் கூவாகம் கூத்தாண்டவர் பெருவிழாவும் 2020, 2021 ஆகிய ஈராண்டுகளிலும் நடைபெறவில்லை. சித்திரை முழுநிலவில் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அதனை அறுத்து அழும் திருநங்கையர் வராமல் அவ்வூர் வெறிச்சோடியது. 2022இல் விழா மீண்டபோது, அவர்கள் பல ஊர்களிலிருந்தும் திரண்டு வந்தனர்.

ஊரடங்குக்கு முன்னரே கூத்து இரவுகள் பல ஊர்களிற் குறைந்துவிட்டன. பத்து இரவு ஆடிய இடத்தில் மூன்றோ நான்கோ ஆடுகின்றனர். செலவு மிகுதி என்பது ஊரார் கூறும் காரணம். வண்ணவிளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் வாணவேடிக்கைக்கும் ஆகும் பணத்தை எண்ணினால் அக்காரணம் முழுதும் ஏற்கத் தக்கதாகத் தோன்றவில்லை. ஆனால் எத்தனை இரவைக் குறைத்தாலும் பதினெட்டாம் போரை மட்டும் எவ்வூராரும் விடுவதில்லை.

அன்று காலை கோயில் வெளியில் மண்ணால் ஆன துரியோதனன் பேருருவாய்க் கிடப்பான். இரவெல்லாம் ஆடிக் களைத்த வீமனும் துரியோதனனும் அவ்வுருவைச் சுற்றி ஓடிப் போரிடுவர். ஊரே அவர்கள் பின் ஓடும். மண்ணுருவின் தொடை பிளக்கப்பட்டுச் செந்நீர் பெருக, அதனைத் தோய்த்துத் திரௌபதியின் கூந்தல் முடிக்கப்பெறும். மாலைத் தீமிதிக்குக் குண்டம் வளர்ப்போர் விறகு அடுக்கத் தொடங்குவர். அதற்குள் மக்கள் அம்மண்ணுருவைச் சூழ்ந்துகொண்டு, கைக்கு அகப்பட்ட அளவு பெயர்த்தெடுத்து மடியில் முடிந்துகொள்கின்றனர். அது அன்று மாலைக்குள் நெற்குதிருக்குள் சேர்ந்துவிடும்.