மணத்தால் அறிந்த நோய்

கினிகத்தேனையின் தேயிலைத் தொழிற்சாலைகளில், அரைபட்ட கொழுந்து அடுப்பேறும் பக்குவத்தை அடைந்துவிட்டதா என்பதை அனுபவம் முதிர்ந்த டீமேக்கர் மூக்கினாலேயே துணிவார். முற்கால மருத்துவரும் அவ்வாறே மூக்கை நம்பினர். நோயை அறியும் வழிகள் ஆறு என்று வகுத்த சுசுருத சங்கிதை, ஐம்புலன்களோடு வினாவுதலையும் சேர்த்து எண்ணிற்று. பின்னர்க் கருவிகள் பெருகின. மூக்கின் சான்று மதிப்பிழந்தது.

அச்சான்று மீண்டும் மதிப்புப் பெற்ற வரலாறு வியப்புக்குரியது. நடுக்குவாதத்தை 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் ஆங்கில மருத்துவர் விரிவாக எழுதினார். அந்நோயின் துன்பத்தைத் தணிக்கும் லெவோடோப்பா என்னும் பொருளைப் பூனைக்காலி விதையினின்று 1937இல் சென்னையில் பிரித்தெடுத்தோர் தாமோதரனும் இராமசாமியும் ஆவர். அது நடுக்குவாதத்திற்கு மருந்தானது 1960களில். ஆயினும் நோயைக் காலத்தில் அறிவது அரிதாகவே இருந்தது. கை நடுங்கத் தொடங்குமுன்பே மூளையின் குறித்த நரம்பணுக்களுட் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது.

ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜோய் மில்ன் என்னும் தாதி, தம் கணவரின் உடலில் புதியதொரு வாடை வீசக் கண்டார். ஏறக்குறையப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னரே, கணவருக்கு நடுக்குவாதம் என்று மருத்துவர் கூறினர். பிற நோயாளரிடமும் அதே வாடை வீசியதை அவ்வம்மையார் பின்னர் உணர்ந்தார். எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர் டீலோ கூனத்திடம் அவர் அதைக் கூறியபோது, அது உடனே பொருட்படுத்தப்படவில்லை.

பின்பு சோதனை நடந்தது. நோயாளர் அறுவரும் நோயற்றோர் அறுவரும் அணிந்த பன்னிரண்டு சட்டைகள் அவரிடம் கொடுக்கப்பட்டன. நோயாளர் அறுவரையும் அவர் பிழையின்றிச் சுட்டினார். நோயற்றவர் ஒருவரையும் நோயாளர் என்றார். அது பிழையென்றே கருதப்பட்டது. ஆனால் சில திங்களில் அம்மனிதருக்கும் அந்நோயே உறுதியாயிற்று!

வாடை வீசியது அக்குளிலன்று, மேல்முதுகிலே. தோல் சுரக்கும் எண்ணெய்ப் பசையே அதன் இருப்பிடம். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பெர்டிட்டா பாரன் குழுவினர் அப்பசையைப் பகுத்து, நோயாளரிடம் சில பொருள்களின் அளவு மாறியிருப்பதை 2019இல் வெளியிட்டனர். முதுகைப் பஞ்சால் துடைத்து, ஆய்வுகூடத்தில் சில நிமிடங்களில் பகுத்தறியும் முறையொன்றை 2022இல் விளக்கினர்.

நோயை முற்றாக நிறுத்தும் மருந்து இன்னும் இல்லை. எனின், முன்னறிவதால் பயன் யாது? அத்தகைய மருந்தைத் தேடுவோர்க்கு, நரம்பணுக்கள் முற்றும் அழியுமுன் நோயாளரைக் கண்டறிவது இன்றியமையாதது. வீட்டிலோ, நடை தளர்ந்தவரைச் சோம்பேறி என்று கடியாதிருக்க அவ்வறிவு உதவும். உடனிருப்போர் உணர்ந்து சொல்வதைச் செவிமடுப்பதும் மருத்துவமே என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.