வானம் காய்ந்தது, நிலத்தைக் காய வைத்தது யார்?

காட்டுத்தீ என்றதும் "இயற்கை அனர்த்தம்" என்று எழுதிவிட்டுக் கடந்து போகிறோம். வகுப்பிலும் அப்படித்தான் கற்பிக்கிறோம். 1997 இல் இந்தோனேசியாவில் மூண்ட தீ அந்தத் தலைப்புக்குள் அடங்குமா என்று பாருங்கள்.

1984 இல் அந்த நாடு அரிசியில் தன்னிறைவு கண்டது. ஜனாதிபதி சுஹார்த்தோவுக்குப் பெரிய பெயர். சில வருடங்களில் மீண்டும் இறக்குமதி தொடங்கியது. போன பெயரை மீட்க 1995 இல் ஓர் உத்தரவு போட்டார்: மத்திய கலிமந்தானில் பத்து இலட்சம் ஹெக்டேயர் சதுப்புக் காட்டை வயலாக்க வேண்டும்.

அந்தச் சதுப்பில் இருப்பது முழுதாக உக்காத மரமும் இலையும். ஆயிரக்கணக்கான வருடங்களாகத் தண்ணீருக்குள் பல மீற்றர் ஆழத்துக்குப் படிந்து கிடப்பது. நமது முத்துராஜவெலையில் இருக்கும் முற்றா நிலக்கரியும் இதே வகைதான். ஊறிக் கிடக்கும்வரை இலகுவில் தீப்பிடிக்காது. காய்ந்தால் விறகு.

காட்டை வெட்டினார்கள். தண்ணீரை வடிக்க 4,000 கிலோமீற்றருக்கும் மேல் வாய்க்கால் தோண்டினார்கள். ஜாவாவிலிருந்து ஏழைக் குடும்பங்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். எதிர்பார்த்த நெல் விளையவில்லை. நிலம் மட்டும் காய்ந்தது.

1997 இல் எல் நினோ வறட்சி வந்தது. நிலத்தைத் துப்புரவாக்கக் கம்பனிகளும் விவசாயிகளும் வைத்த தீ காய்ந்த சதுப்புக்குள் இறங்கி, நிலத்தடியில் மாதக்கணக்கில் புகைந்தது. புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது. சுஹார்த்தோ அயல்நாடுகளிடம் மன்னிப்புக் கேட்டார். அவ்வருடம் இந்தோனேசியாவின் சதுப்பிலிருந்தும் காட்டிலிருந்தும் வெளியேறிய காபன், முழு உலகமும் ஒரு வருடத்தில் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றின் காபனில் 13 முதல் 40 சதவீதத்துக்குச் சமம் என 2002 இல் நேச்சர் சஞ்சிகையில் வந்த ஆய்வு மதிப்பிட்டது. பூமி சூடாவதால் காடு எரிகிறது என்கிறோம். இங்கே எரிந்த நிலமே பூமியைச் சூடாக்கியது.

1999 இல் திட்டம் கைவிடப்பட்டது. வாய்க்கால்களில் பெரும்பாலானவை மூடப்படாமலே கிடந்தன. 2015 இல் மீண்டும் வறட்சி, நாடெங்கும் தீ. 26 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது. நட்டம் 1,600 கோடி டொலர் என்றது உலக வங்கி.

இம்முறை கலிமந்தான் மக்கள் சிலர் ஜனாதிபதி ஜோகோ விடோடோவையும் அரசாங்கத்தையும் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 2017 இல் அரசாங்கம் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. 2019 இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2022 இல் மீளாய்வில் அதே நீதிமன்றம் அரசாங்கத்தின் பக்கம் சாய்ந்தது. இதற்கிடையில், 2020 இல், பழைய திட்டத்தின் நிலத்தில் ஒரு பகுதியிலேயே புதிய நெல் திட்டமும் தொடங்கியாயிற்று.

மழை பொய்த்ததற்கு சுஹார்த்தோவைக் குறை சொல்ல முடியாது. வாய்க்காலுக்கு ஒப்பமிட்டது அவர் கை. ஆசிரிய நண்பர்களே, அடுத்த முறை அனர்த்தப் பாடம் எடுக்கும்போது, தீ எப்படிப் பிடித்தது என்பதோடு, அந்த நிலம் யாருடைய தீர்மானத்தால் காய்ந்தது என்றும் பிள்ளைகளிடம் கேளுங்கள்.