ஒரு பிட், மூன்று தீர்ப்பு

போன மாசம் பொழுதுபோக்கா ஒரு சின்ன டிஎன்எஸ் நிரல் எழுதிட்டிருந்தேன். டிடிஎல் என்ற எண்ணைப் படிக்கும் வரியில் கை நின்றுவிட்டது. இதற்குக் கழித்தல் குறி உண்டா, கிடையாதா? மூல ஆவணத்தையே பார்ப்போம்னு ஆர்எஃப்சி 1035-ஐத் திறந்தேன். 3.2.1-ஆம் பிரிவு 'உண்டு' என்கிறது. 4.1.3-ஆம் பிரிவு 'கிடையாது' என்கிறது. ஒரே ஆவணம்!

இணையப் பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ். பால் மொக்கபெட்ரிஸ் 1987 நவம்பரில் வெளியிட்ட இந்த ஆவணம்தான் அதற்கு இன்னைக்கும் அடித்தளம். ஒவ்வொரு பதிலோடும் வரும் டிடிஎல், பால் பாக்கெட்டில் போடுற தேதி மாதிரி. 'இதை இத்தனை விநாடி வெச்சுக்கலாம், அப்புறம் திரும்ப வந்து கேள்' என்று அர்த்தம். அதற்கு ஒதுக்கிய இடம் 32 பிட்.

குறி இருந்தா என்ன, இல்லாட்டி என்னன்னு கேட்கலாம். 32 பிட்டும் 1 என்று ஒரு பதில் வருதுன்னு வெச்சுக்குங்க. குறி இல்லாமல் படித்தால் சுமார் 136 வருஷம். குறியோடு படித்தால் கழித்தல் 1, அதாவது வரும்போதே காலாவதி. ஒரு நிரல் பழைய முகவரியையே பிடித்துத் தொங்கும், இன்னொன்று ஒவ்வொரு தடவையும் போய்க் கேட்கும். எழுதின ரெண்டு பேருமே 'நான் விதிப்படிதான் செஞ்சேன்' என்று சொல்லலாம்.

பத்து வருஷம் கழித்து, 1997 ஜூலையில், ராபர்ட் எல்ஸும் ராண்டி புஷ்ஷும் ஆர்எஃப்சி 2181-இல் இதைத் தீர்த்தார்கள். குறி கிடையாது, ஆனால் 31 பிட்தான் செல்லும். அதிகபட்சம் 2147483647 விநாடி, சுமார் 68 வருஷம். மேல் பிட் 1 ஆக வந்துவிட்டால்? மொத்தத்தையும் 0 என்று எடுத்துக்கொள். 'அனுப்பாதே' என்பதோடு நிற்காமல், வந்தால் என்ன செய்வது என்றும் சொன்னார்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது. சந்தேகம் வந்தால் திரும்பக் கேள். கூடுதலாக ஒரு கேள்வி, அவ்வளவுதான் நஷ்டம்.

கதை அங்கே முடியலை. 2016 அக்டோபர் 21 அன்று டைன் நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வர்கள் தாக்கப்பட்டு, ட்விட்டர் உட்படப் பல தளங்களைப் பெயர் சொல்லித் தேட முடியாமல் போனது. இப்படிப்பட்ட நேரத்தில் காலாவதியான பதிலையாவது கொடுக்கலாம் என்று அனுமதித்தது 2020 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 8767. அதற்காக டிடிஎல்லுக்குப் புது வரையறை எழுதியபோது, மேல் பிட் விஷயத்தில் பழைய தீர்ப்பையும் புரட்டிவிட்டது. பூஜ்யமாக்க வேண்டாம், பெரிய எண்ணாகவே படி. ஆனால் உச்சவரம்பு போட்டு வெட்டு. பரிந்துரைத்த வரம்பு 604800 விநாடி, ஏழு நாள்.

ஏன் மாற்றினார்கள்? சேகரித்து வைத்திருந்த டிஎன்எஸ் போக்குவரத்து மாதிரிகளில் மேல் பிட் 1 ஆன டிடிஎல் ஒன்றுகூட இல்லை. யாரும் அனுப்பாத எண்ணுக்குத் தனி விதி எதற்கு?

எனக்கு இதில் புரிந்தது இதுதான். 1997-இல் ரெண்டு அர்த்தத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். 2020-இல், எந்த அர்த்தத்தில் படித்தாலும் கெடுதல் ஏழு நாளைத் தாண்டாதபடி வேலி போட்டார்கள். என் நிரலில் குறியில்லாத எண்ணாகவே படித்து, அடுத்த வரியிலேயே வரம்பையும் எழுதிட்டேன்.