இரண்டாண்டுத் தாமதம்: பூனையினத்தின் சினைப்பையும் உறைகுளிரின் வரலாறும்

1947ஆம் ஆண்டில், இன்றைய சத்தீஸ்கரில் அடங்கிய கொரியா சமஸ்தானத்தின் அரசர் ராமானுஜ் பிரதாப் சிங் தேவ் ஓரிரவு வேட்டையில் மூன்று சிவிங்கிப்புலிகளைச் சுட்டார். மூன்றும் ஆண். இந்திய மண்ணில் ஐயமறப் பதிவான கடைசிச் சிவிங்கிகள் அவையே என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. 1952இல் இவ்வினம் நாட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. இவ்விரு ஆண்டுகளுக்கும் நடுவே, 1949இல், லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் கிறிஸ்டோபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் ஆகிய மூவரும் சேவலின் விந்தணுக்களை -79 டிகிரி செல்சியஸில் உறையவைத்து உயிருடன் மீட்டதாக அறிவித்தனர்.

இப்பொருத்தத்தை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. 1947இலேயே அம்முறை கைவந்திருந்தாலும் கொரியாவின் காட்டில் உலர்பனிக்கட்டிப் பெட்டியோடு எவரும் காத்திருந்திருக்கமாட்டார். ஆயினும், உயிரினப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதுவோர் காட்டின் காலவரிசையையும் ஆய்வுக்கூடத்தின் காலவரிசையையும் தனித்தனி ஏடுகளில் எழுதிப் பழகிவிட்டனர். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதே இப்பதிவின் நோக்கம்.

மில் ஹில் கண்டுபிடிப்பு ஒரு பெயர்ச்சீட்டுக் குழப்பத்தில் பிறந்தது. பழச்சர்க்கரைக் கரைசலில் விந்தணுக்களை உறையவைக்கும் முயற்சி தோல்வியுற்றுக் கைவிடப்பட்டிருந்தது. சில மாதங்கள் கழித்து, குளிரறையில் இருந்த பழைய புட்டியை எடுத்து மீண்டும் முயன்றபோது விந்தணுக்கள் பிழைத்தன. புதிதாகச் செய்த சர்க்கரைக் கரைசலிலோ பிழைக்கவில்லை. புட்டியில் எஞ்சியதைச் சோதித்தபோது அதில் சர்க்கரையே இல்லை. கிளிசராலும் புரதமும் இருந்தன. திசுச் சீவல்களைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவதற்கு வைத்திருந்த கலவை அது. சீட்டு மாறியிருந்தது. மொழியியல் படித்தவளாகையால், குறிக்கும் குறிக்கப்படுவதற்கும் இடையிலான உறவு தற்செயலானது என்னும் சொசூரின் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் வகுப்பறையில் கேட்டதில்லை.

விந்தணுவை அடுத்துச் சினைப்பை வந்தது. 1953இல் பார்க்ஸும் ஸ்மித்தும் எலியின் சினைப்பைத் திசுவைக் கிளிசராலில் ஊறவைத்து உறையச்செய்து, பின் உருக்கி மற்ற எலிகளில் ஒட்டினர். திசு மீண்டும் இயங்கியது. 1960இல் டெல்ஃபின் பாரட், இவ்வாறு உறைந்து மீண்ட சினைப்பைத் திசுவைச் சுண்டெலிகளில் அதற்குரிய இடத்திலேயே பொருத்திக் குட்டிகள் பிறக்கச் செய்தார். உறையவைத்தல், உருக்குதல், ஒட்டுதல், கருவுறுதல், ஈனுதல் என முழுச் சங்கிலியும் 1960லேயே நிறைவுற்றுவிட்டது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இத்துறை பெரிதும் உறங்கியது. உறையவைத்த சினைப்பை யாருக்குத் தேவை என்ற கேள்விக்கு அப்போது விடையில்லை. அறிவியலின் வரலாற்றில் இயலாமையால் நின்றவற்றைவிடக் கேட்பாரின்றி நின்றவையே மிகுதி என்று தோன்றுகிறது.

இந்தியாவில் இக்கதையின் கொடிய அத்தியாயம் அந்த இடைவெளியில்தான் நிகழ்ந்தது. கொல்கத்தாவின் மருத்துவர் சுபாஷ் முகோபாத்யாய், குளிரியலில் தேர்ந்த சுனித் முகர்ஜி, மகப்பேறு மருத்துவர் சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகியோருடன் இணைந்து, உடலுக்கு வெளியே உருவான மனிதக் கருவை டைமெத்தில் சல்பாக்ஸைடு துணைகொண்டு உறையவைத்தார். 53 நாள்களுக்குப் பின் அதைத் தாயின் கருப்பைக்கு மாற்றினார். 1978 அக்டோபர் 3 அன்று பெண்குழந்தை பிறந்தது. இங்கிலாந்தில் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்து 70 நாள்கள் கழிந்த சமயம் அது. உறைந்த கருவிலிருந்து பிறந்ததாக உலகம் ஏற்றுக்கொண்ட முதல் குழந்தையோ 1984இல்தான் மெல்போர்னில் பிறந்தது. மேற்கு வங்க அரசு அமைத்த குழு முகோபாத்யாயின் கூற்றை நம்ப மறுத்தது. அவர் வெளிநாடு சென்று தம் முறையை விளக்க இசைவளிக்கப்படவில்லை. பின்னர் கண்மருத்துவ நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். 1981 ஜூன் 19 அன்று தற்கொலை செய்துகொண்டார்.

அவர் பெயரை மீட்டவர் டி.சி. ஆனந்த் குமார். 1986இல் மும்பையில் பிறந்து, நாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை எனப் பல்லாண்டு கொண்டாடப்பட்ட குழந்தையின் பின்னிருந்த அறிவியலாளர் அவரே. பெங்களூருவில் குழந்தைப்பேறு மருத்துவமனை நடத்திவந்த காலத்தில் முகோபாத்யாயின் கைப்பட எழுதிய குறிப்புகளைப் படித்தார். முதன்மை தமக்குரியதன்று, முகோபாத்யாய்க்கே உரியது என்று 1997 ஏப்ரலில் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார். அவ்விதழ் வெளிவருவதும் இதே பெங்களூருவின் சதாசிவ நகரிலிருந்துதான். தன் முடியைத் தானே கழற்றி இன்னொருவர் தலையில் வைத்த இச்செயல் ஆய்வு நெறி வகுப்புகளில் ஏன் பாடமாகவில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. இங்கு நாம் கவனிக்கவேண்டியது வேறொன்றும் உண்டு. குழந்தை வளர்ந்து நடமாடியும் சான்றாகவில்லை, குறிப்பேடு சான்றாயிற்று.

சினைப்பைக்குத் திரும்புவோம். புற்றுநோய்ச் சிகிச்சையில் பிழைத்த இளம்பெண்கள் மருந்தாலும் கதிர்வீச்சாலும் மகப்பேற்றை இழந்ததே கேட்பாரற்றிருந்த தொழில்நுட்பத்துக்குக் கேள்வியைத் தந்தது. 1994இல் ராஜர் காஸ்டனின் குழு செம்மறியின் சினைப்பைத் துண்டுகளைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து அதே ஆட்டில் மீண்டும் ஒட்டி ஆட்டுக்குட்டியை ஈனச் செய்தது. 2004இல் பிரஸ்ஸல்ஸில் ழாக் டொன்னேயின் குழு இதே முறையில் மனிதக் குழந்தை பிறந்ததை அறிவித்தது.

1994 பலருக்கும் செம்மறியின் ஆண்டு. அதே ஆண்டில், அதே காஸ்டன் இணைந்த மற்றோர் ஆய்வில், பூனையின் சினைப்பைத் திசு நோயெதிர்ப்பாற்றல் இல்லாத சுண்டெலிகளின் சிறுநீரக உறைக்கடியில் ஒட்டப்பட்டது. அங்கே பூனையின் நுண்ணறைகள் நீர்மம் நிறைந்த பெருநிலை வரை வளர்ந்தன. எலியின் உடலில் பூனையின் முட்டை! பஞ்சதந்திரம்கூடத் துணியாத கற்பனை இது. பத்தாண்டு கழித்து, 2004இல், உறைந்து மீண்ட பூனைத் திசுவும் அவ்வாறே சுண்டெலியில் நுண்ணறைகளை வளர்ப்பதாக ஓர் ஆய்வு வெளிவந்தது.

திசுவையே உறையவைப்பதன் காரணம் எளிது. முட்டையையோ கருவையோ சேமிக்க வேண்டுமானால் விலங்கு பருவமடைந்திருக்க வேண்டும், உயிருடன் இருக்க வேண்டும், ஹார்மோன் ஊசிகள் போடவேண்டும். பூனைக்கு அவ்வூசிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் அதன் உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்கி மருந்தைப் பயனற்றதாக்கும். பூனையின் முட்டை கொழுப்புத் துளிகள் செறிந்து கருத்திருப்பது; அது குளிரைத் தாங்குவது அரிது. சினைப்பையின் புறணியில் உறங்கும் ஆயிரக்கணக்கான தொடக்கநிலை நுண்ணறைகளோ சிறியவை, மெல்ல இயங்குபவை. குளிரைப் பெரிதும் தாங்குபவை. குட்டியிடமிருந்தும் எடுக்கலாம், இறந்த விலங்கிடமிருந்தும் எடுக்கலாம். பெரிய இழப்பு உறையும்போது நிகழ்வதைக் காட்டிலும், ஒட்டிய பிறகு புதிய குருதிக்குழாய்கள் வந்து சேரும்வரையிலான முதல் சில நாள்களில் நிகழ்கிறது.

வீட்டுப்பூனையின் பங்கு இங்கே விந்தையானது. 1989இல் சின்சினாட்டி விலங்குக்காட்சியகத்தில், சோதனைக்குழாயில் கருவுற்ற இந்தியப் பாலைவனப் பூனையின் குட்டியை வீட்டுப்பூனை ஒன்று ஈன்றது. நம் தார்ப் பகுதியின் பூனை அமெரிக்காவில் வேறோர் இனத்தின் வயிற்றில் பிறந்தது. காட்டுப்பூனை இனங்களுக்காக வீட்டுப்பூனையே சோதனைக்களமாகிறது. காரணம், அதன் சினைப்பைகள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றன. கருத்தடை அறுவைகளில் அகற்றப்படும் சினைப்பைகள் மஞ்சள் பையில் சேர்ந்து எரியுலைக்குப் போகின்றன. தன் இனப்பெருக்கத்தை இழக்கும் பூனையின் கழிவுத்திசுவில்தான் வேறு பூனைகளின் இனப்பெருக்கத்தைக் காக்கும் கலை பயிலப்படுகிறது. பெங்களூருவின் தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்வது தேவையான பணி என்றே கருதுகிறேன். செல்லப்பூனைக்குச் 'சினைப்பைச் சேமிப்பு' என்று கட்டணச் சேவை எவரேனும் தொடங்கினால் அதை எதிர்ப்பேன். என் அக்கறை அந்த மஞ்சள் பையைப் பற்றியது.

இந்தியாவில் இப்பணிக்கு இடம் உண்டு. ஹைதராபாத்தின் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் முன்னெடுத்த 'லாகோன்ஸ்' ஆய்வுக்கூடம் 2007இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டே செயற்கைக் கருவூட்டலில் புள்ளிமான் கன்று ஒன்று அங்கு பிறந்திருந்தது. 2018இல் காட்டுயிர் மரபுவள வங்கியும் அங்கே திறக்கப்பட்டது. சிவிங்கியைப் படியாக்கம் செய்ய லால்ஜி சிங் விரும்பி ஈரானிடம் உயிரணுக்களைக் கேட்டதும், ஈரான் மறுத்ததும் தெரிந்த செய்திகள். 2022 செப்டம்பரில் நமீபியாவிலிருந்து எட்டு ஆப்பிரிக்கச் சிவிங்கிகளைக் கூனோவுக்குக் கொண்டுவந்தோம். ஆசியச் சிவிங்கியின் உயிர்த்திசு ஒரு குப்பியளவும் நம்மிடம் எஞ்சவில்லை என்பதன் விலை அது.

கர்நாடகத்தின் வறண்ட காடுகளில் துருப்புள்ளிப் பூனை வாழ்கிறது. உலகின் மிகச்சிறிய காட்டுப்பூனைகளுள் ஒன்று. எடை ஒன்றரைக் கிலோவைச் சுற்றியே. சாலையில் அடிபட்டு இறக்கும் ஒரு பெண்பூனையின் சினைப்பை, பனிக்கட்டியில் வைத்தால் ஏறக்குறைய ஒரு நாள் பயனுடன் இருக்கும். பெங்களூருவிலிருந்து ஹைதராபாத் ஓரிரவுத் தொடர்வண்டிப் பயணம். தடை தொலைவிலன்று, அவ்வுடலைக் கண்டெடுப்பவர் யாரை அழைப்பது, யார் அனுமதி தருவது, குப்பியின் சீட்டில் என்ன எழுதுவது என்பதில் இருக்கிறது. இடமும் நாளும் இனமும் எழுதப்படாத குப்பியில் இருப்பது உறைந்த இறைச்சி மட்டுமே.

சொல் பற்றி ஒன்று. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'அண்டகம்' என்கின்றன, இலங்கையில் 'சூலகம்' என்கின்றனர், கன்னடத்தில் 'அண்டாசய'. நான் 'சினைப்பை' என்பதைத் தெரிந்தது, ஆடுமாடும் பூனையும் 'சினையாக இருக்கிறது' என்னும் பேச்சு வழக்கு இன்றும் உயிரோடிருப்பதால். ஹெப்பாள் கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் தமிழ்நாட்டுக் கால்நடைக் கல்லூரிகளிலும் பயிலும் நண்பர்கள், அறுவை அறையில் தாங்கள் வாய்மொழியாக வழங்கும் சொல் எதுவெனப் பின்னூட்டத்தில் தெரிவித்தால் தொகுத்து வெளியிடுவேன்.