கட்டளை பிழைத்தால் கருவி என்ன செய்யலாம்?

கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டச்சு செய்து வேலை பார்ப்போருக்கு எழுத்துப்பிழை அன்றாடச் சங்கதி. 'ஸ்டேட்டஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் நான்காம், ஐந்தாம் எழுத்துகள் இடம் மாறினாலே கட்டளை செல்லாது. மென்பொருள் எழுதுவோர் தம் கோப்புகளின் பதிப்புகளைப் பேணும் 'கிட்', அப்போது கையை விரித்துவிடாமல், நீங்கள் கருதியிருக்கக்கூடிய கட்டளையைக் காட்டுகிறது.

இது மந்திரமல்ல. எழுத்துப்பிழைகளில் 80 வீதத்துக்கும் மேலானவை நான்கே வகை என்று 1964 இல் ஆய்வாளர் பிரெடெரிக் டமெராவ் காட்டினார்: ஓரெழுத்து கூடுவது, குறைவது, வேறாவது, அடுத்தடுத்த இரண்டு இடம் மாறுவது. இத்தகைய மாற்றங்களை எண்ணினால் மிக நெருங்கிய கட்டளை அகப்பட்டுவிடும்.

அதைக் கருவி தானாகவே இயக்கலாமா என்பதுதான் சிக்கல். கிட்டின் 'ஹெல்ப்.ஓட்டோகரெக்ட்' அமைப்பில் 10 என்று இட்டால் ஒரு விநாடி காத்திருந்து இயக்கும். அலகு, விநாடியில் பத்தில் ஒன்று! 1 என்றால் 'சரி' என்று பொருள் என நினைத்து இட்டவர்களுக்கு, தடுத்து நிறுத்த நீண்டகாலமாகக் கிடைத்தது 0.1 விநாடிதான். 'ப்ரொம்ப்ட்' என்று இடுவதே நல்லது. கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கும்.

பிழையே செல்லுபடியான கட்டளையாக அமைந்துவிட்டால் இவை எதுவும் உதவா. லினக்ஸின் 'ஆர்எம்' அழிப்பவை ரீசைக்கிள் பின்னுக்குப் போவதில்லை. கோப்புறைப் பெயரின் நடுவே தவறி ஓர் இடைவெளி விழுந்தால், அது இரண்டு பெயர்களாகிவிடும். சிறுகோடும் ஆங்கில 'ஐ' எழுத்தும் சேர்த்தால், ஒவ்வொன்றையும் கேட்டே அழிக்கும்.